சம்பந்தியின் சிடியும் மாப்பிள்ளை போட்ட ஃபில்டரும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் அத்தை, கடை, கடையில் இருக்கும் குழாய்கள், வால்வுகள் அனைவரும் எங்கும் ஒழுகாமல் நலமாக இருக்கிறோம். கணினிக்கு மட்டும்தான் உடம்பு சரியில்லை. அங்கே நீங்களும் மகளும் உங்கள் அப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் அப்பாவின் நலத்தில் எனக்கு இந்த வாரம் தனி அக்கறை உண்டு. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

கடிதத்தை ஏன் வீட்டுக்கு அனுப்பாமல் அலுவலக முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன் என்று யோசிப்பீர்கள். வீட்டுக்குப் போன் செய்தால் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள், பக்கத்து நாற்காலியில் உங்கள் அப்பா. அலுவலகத்துக்குச் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறேன் மாமா என்கிறீர்கள். செய்தியாக அனுப்பலாம் என்றால், சாயங்காலமானால் உங்கள் போனில் படம் பார்ப்பது அவர்தான் என்று மகள் சொன்னாள். உங்கள் அப்பாவைப் பற்றி உங்களிடம் தனியாகப் பேச இந்த உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே வழி கூரியர்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் வந்திருந்தபோது, மதியம் சாப்பிட்டுவிட்டு, கடையின் பின்னறையில் உங்கள் அத்தை பில் போடும் கணினி முன் நீங்கள் உட்கார்ந்தது நினைவிருக்கும். "மாமா, இதுல டிரைவர் எல்லாம் ரொம்பப் பழசா இருக்கு, மொத்தத்தையும் புதுசாக்கிடட்டுமா" என்றீர்கள். "நல்லாத்தானே ஓடுது மாப்பிள்ளை" என்றேன். "ஓடுது மாமா, ஆனா பழசு" என்றீர்கள். டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவர் என்று நினைக்கிற ஆள் நான் இல்லை, ஒவ்வொரு உறுப்புக்கும் கணினிக்கும் நடுவே பேசி வேலை வாங்குகிற மேஸ்திரி மாதிரி ஒன்று என்பது எனக்கும் தெரியும். என் தொழிலில் ஒழுகாத இணைப்பில் நான் ஸ்பேனர் வைப்பதில்லை. ஆனால் கேட்டது வீட்டு மாப்பிள்ளை, அதுவும் அவ்வளவு ஆசையாகக் கேட்டால் எந்த மாமனார் மாட்டேன் என்பான்? சரி என்றேன். பச்சைக் கோடு ஒன்று மெதுவாக நகர்ந்து முடிந்தது. நீங்கள் சிரித்தீர்கள். அன்றைக்கு மாலை வண்டிக்கு ஊருக்குப் போய்விட்டீர்கள். சிடி டிரைவும் அன்றைக்கே போய்விட்டது, எங்கே என்றுதான் தெரியவில்லை.

உங்களைக் குறை சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். குறை சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பில் போடுவதற்குச் சிடி எதற்கு என்று நானும் முதலில் கண்டுகொள்ளவில்லை. தட்டு வெளியே வரும், உள்ளே போகும், திரையில் மட்டும் அப்படி ஒரு டிரைவே இல்லை என்று வரும். கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அப்போதுதான் உங்கள் அப்பாவிடமிருந்து ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே ஒரு சிடி. அதன்மேல் அழகான கையெழுத்தில், "சம்பந்தி அவர்களுக்கு, நான் பாடியவை. கேட்டுவிட்டு மனதில் பட்டதைச் சொல்லவும்."

மாப்பிள்ளை, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. உங்கள் கல்யாண வரவேற்பன்று மேடையில் அவர் பாடிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் போய், "சம்பந்தி, ஜனங்க சாப்பிடப் போகணும், முடிச்சுக்கலாமா" என்று கேட்டது உங்களுக்குத் தெரியும். மைக் அணைக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. மண்டபம் முழுக்கக் கேட்டது. சிரித்தார்கள் வேறு. அன்றிலிருந்து ஒரு வருஷமாக அவர் என்னிடம் பேசுவதில்லை. நேரில் பார்த்தால் தலையை ஆட்டுவார், அதுவும் பாதி. நான் வாஷரும் குழாய் மூட்டில் சுற்றும் டேப்பும் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்றுக் கடை வைத்தவன், சரக்கில் குறை இருந்தால் வாங்குகிறவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன், அதனால்தான் கடை நின்றது. அதே வாய்தான் சம்பந்தியிடம் போய் மாட்டிக்கொண்டது. எனக்கு அது பெரிதில்லை. ஆனால் மகள் என்னிடம் போனில் பேச வேண்டுமென்றால் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறாள். அங்கே துணி காயப்போடும் கொடி காற்றில் ஆடுகிற சத்தம்கூட எனக்குப் பழக்கமாகிவிட்டது. பெற்ற அப்பனிடம் பேச ஒரு பெண் ஒளிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்குப் பெரிது. அப்படியிருக்க, அந்த மனிதர் தானாக இறங்கி வந்து ஒரு சிடி அனுப்பியிருக்கிறார். இதை நான் கேட்டே ஆகவேண்டும். கேட்க முடியவில்லை. இதுதான் மாப்பிள்ளை நிலைமை.

வேறு கணினியில் போட்டுக் கேட்கலாமே என்பீர்கள். இப்போது யாரிடம் சிடி போடும் கணினி இருக்கிறது? எல்லாம் முறம் மாதிரி தட்டையாக வந்துவிட்டது, சிடியை மேலே வைத்துப் பார்க்கலாம், உள்ளே போட வழியில்லை. இந்தத் தெருவில் எங்களைவிட்டால் போட்டோ ஸ்டுடியோக்காரர் ஒருவரிடம்தான் இருக்கிறது. அவர் உங்கள் அப்பாவோடு படித்தவர். அவரிடம் கொடுத்தால் நாங்கள் படியிறங்குவதற்குள் உங்கள் அப்பாவுக்குத் தகவல் போய்விடும், இன்னும் கேட்கவில்லை, என்னிடம்தான் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று. போகட்டும், போனிலேயே பாட்டை அனுப்பச் சொல்லலாம் என்றால், போனில் அனுப்பினால் குரல் நசுங்கிவிடும் என்பது அவர் கொள்கை என்று மகள் சொல்லிவிட்டாள்.

ஆகவே எதிர்ச்சாரியில் கணினி பழுது பார்க்கிறவரைக் கூப்பிட்டேன். மீசை வைத்த நல்ல மனிதர். தெருவில் எல்லோரும் அவரை ரீஸ்டார்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். எதைச் சொன்னாலும் அதைத்தான் முதலில் செய்வார், கோபித்துக்கொள்ளவும் மாட்டார். வந்தார். அணைத்தார். போட்டார். உறுப்புகளின் பட்டியலைத் திறந்தார். சிடி டிரைவ் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் ஒன்று உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, டிரைவ் செத்துப்போச்சு. புதுசு போட்டுடலாம்."

"செத்ததுன்னா தட்டு மட்டும் எப்படிய்யா வெளிய வருது?"

"அது கரண்டுல வர்றது அண்ணே. உசுர்ல வர்றது இல்ல."

புதிது வாங்கி மாட்டினோம். அதற்கும் அதே மஞ்சள் முக்கோணம். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. புதுக் குழாய் மாட்டியும் தண்ணீர் வரவில்லை என்றால் கோளாறு குழாயில் இல்லை, லைனில். எங்கள் தொழிலில் அந்த மாதிரி நேரத்தில் தொட்டியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வால்வாக மூடிப் பார்த்துக்கொண்டு வருவோம். "தம்பி, மாப்பிள்ளை போட்ட புது டிரைவரையெல்லாம் ஒண்ணொண்ணா எடு, எதை எடுத்தா இது வருதுன்னு பார்ப்போம்" என்றேன். ரீஸ்டார்ட் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

முதலில் திரைக்கானதை எடுத்தார். எழுத்தெல்லாம் கடைப் பலகை அளவுக்கு ஆகிவிட்டது. பில்லில் பாதி வெளியே போய்விட்டது. வால்வு வாங்க வந்த மேஸ்திரி எட்டிப் பார்த்து, "என்னண்ணே, கண்ணு போயிடுச்சா" என்று விசாரித்தார். சிடி வரவில்லை. அடுத்தது பிரிண்டருக்கானது. எடுத்ததும் பிரிண்டர் ஒரு வெள்ளைத் தாளைத் துப்பிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டது. உங்கள் அத்தை கையால் பில் எழுத ஆரம்பித்தாள், எழுதும்போது ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு தரம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சிடி வரவில்லை. அடுத்தது ஒலிக்கானது. அதை எடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது, இப்போது சிடி வந்தால்கூடப் பாட்டுக் கேட்காதே என்று. மற்ற இரண்டோடு அதையும் திரும்பப் போடச் சொன்னேன். போட்டதும் கணினி டிங் என்றது. அந்த நாளில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அந்த டிங்தான்.

இந்த நேரம் பார்த்து உங்கள் அத்தையின் போன் அடித்தது. உங்கள் அப்பா. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவராகச் செய்த முதல் போன். நான் அப்போது மேஜைக்கு அடியில் இருந்தேன், வாயில் இரண்டு திருகாணி.

"சிடி வந்துச்சாம்மா?" என்றார். அவர் குரல் மேஜைக்கு அடிவரைக்கும் கேட்டது.

"வந்துச்சு அண்ணா."

"கேட்டீங்களா?"

நான் கீழேயிருந்து கையை இல்லை இல்லை என்று ஆட்டினேன். உங்கள் அத்தை அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டே சொன்னாள்.

"கேட்டோம் அண்ணா. ரெண்டு தடவ."

"சம்பந்தி என்ன சொன்னார்?"

"அவரு என்னத்தச் சொல்றது. கண்ணு கலங்கிட்டாரு."



"எந்த எடத்துல கலங்குனாரு?"

அவள் குனிந்து என்னைப் பார்த்தாள். வாயில் திருகாணி இருக்கிறவனால் என்ன சொல்ல முடியும்.

"கடைசில அண்ணா."

"கடைசிப் பாட்டுலயா?"

"ஆமாண்ணா. அந்தக் கடைசிப் பாட்டுதான். தாங்க முடியல."

"அப்படியா. சரிம்மா. ஞாயித்துக்கெழம நேர்ல வர்றேன், பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார். குரலில் கோபம் இருந்ததா, சந்தோஷம் இருந்ததா என்று எங்கள் இருவராலும் சொல்ல முடியவில்லை. ரீஸ்டார்ட்டைக் கேட்டோம். அவர் சுவரைப் பார்த்தார்.

"எதுக்குடி இப்படி அள்ளிவிட்ட? மெஷின் ரிப்பேர்னு சொன்னா முடிஞ்சுது" என்றேன்.

"முடிஞ்சுதா? ஒரு வருஷம் பேசாத மனுஷன் பாட்ட அனுப்பிட்டுக் காத்துட்டிருக்காரு. மெஷின் ரிப்பேர்னா நம்புவாரா? பிடிக்கல, சாக்கு சொல்றாங்கன்னுதான் நினைப்பாரு. நீங்க மைக்ல பேசின பேச்சுக்கு நாங்க எதைச் சொன்னாலும் யாரும் நம்பமாட்டாங்க."

நான் திருகாணியை எடுத்து மறுபடி வாயில் வைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு ரீஸ்டார்ட் மிகவும் உள்ளே இறங்கிப் போய், கணினியின் அடிவயிற்றில் ஒரு பக்கத்தைத் திறந்தார். அங்கே சிடி டிரைவுக்கு நேராக மேல் ஃபில்டர், கீழ் ஃபில்டர் என்று இரண்டு வரி இருந்தது. புது டிரைவர்களோடு இவையும் வந்து உட்கார்ந்திருக்கும், போகிற வருகிற எல்லாமே இந்த இரண்டைத் தாண்டித்தான் போக வேண்டும், இவைதான் அடைத்துக்கொண்டிருக்கின்றன போலிருக்கிறது என்றார்.

"ஃபில்டரா? அடைச்சா கழட்டிப் போட வேண்டியதுதானே. நான் தினம் விக்கிறதுய்யா அது."

"அழிச்சா சரியாயிடும்னு நினைக்கிறேன் அண்ணே. ஆனா யார் போட்டாங்களோ அவங்களக் கேட்டுட்டுச் செய்யறது நல்லது."

நியாயம்தான் என்று எனக்குப் பட்டது. கணினி என்னுடையதாக இருக்கலாம், ஃபில்டர் மாப்பிள்ளை போட்டது. மாப்பிள்ளை போட்டதை மாமனார் கேட்காமல் கழற்றினான் என்று ஒரு பேச்சு நாளைக்கு வரக்கூடாது. ஏற்கெனவே உங்கள் குடும்பத்தில் எனக்கு இருக்கிற பெயர் போதும். அதனால்தான் இந்தக் கடிதம். உங்களிடம் கேட்டுக்கொள்வது இரண்டு. மேல் ஃபில்டரையும் கீழ் ஃபில்டரையும் எடுக்க உங்களுக்கு மனச்சம்மதம் உண்டா என்பது ஒன்று. சம்மதித்து எடுத்தும் டிரைவ் வராமல் போனால், அந்தச் சிடியில் கடைசிப் பாட்டு என்ன, ஒரு மனிதன் கண் கலங்குவதாக இருந்தால் அதில் எந்த இடத்தில் கலங்கலாம் என்பதை அப்பாவுக்குத் தெரியாமல் விசாரித்து, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் எழுதியனுப்ப வேண்டும் என்பது இன்னொன்று. முடிந்தால் முதல் பாட்டைப் பற்றியும் இரண்டு வரி எழுதுங்கள். கடைசியை மட்டும் பேசினால் சந்தேகம் வரும்.

இனிமேல் எங்கள் வீட்டுக்கு வரும்போது நீங்கள் கணினிப் பக்கம் போகாமல் கூடத்திலேயே சௌகரியமாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதும் இந்த மாமாவின் அன்பான விருப்பம். வேண்டுமானால் கூடத்துக்குப் புது மின்விசிறி மாட்டுகிறேன்.

மகளுக்கு என் ஆசியும், அத்தையின் முத்தமும். மேல்தொட்டி எப்போதும் நிரம்பியும், கீழ்த்தொட்டி ஒருநாளும் வற்றாமலும், எந்த மூட்டிலும் கசிவில்லாமலும் உங்கள் குடித்தனம் நீண்ட காலம் ஓட வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மாமா.

பின்குறிப்பு: உறையை ஒட்டவில்லை, அதற்குள் என்னென்னவோ நடந்துவிட்டது. காலையில் உங்கள் அத்தை இந்தக் கடிதத்தைப் படித்தாள். "ஃபில்டரக் கழட்ட மாப்பிள்ளைகிட்ட மனு போடுறீங்களா? அவரு மரியாத அவரோட, மெஷினுக்குள்ளகூடவா வச்சிருப்பீங்க" என்றாள். ரீஸ்டார்ட்டைக் கூப்பிட்டு அவளே உத்தரவு போட்டாள். அவர் இரண்டு வரியையும் அழித்தார், பிறகு வாழ்க்கையிலேயே முதல்முறையாகச் சரியான நேரத்தில் ரீஸ்டார்ட் செய்தார். மஞ்சள் முக்கோணத்தைக் காணோம். உங்கள் கல்யாண சிடியைப் போட்டுப் பார்த்தோம், கண்ணாடி மாதிரி ஓடியது. மைக்கில் நான் பேசியதும் ஓடியது. ரீஸ்டார்ட் சிரித்தார், நான் நிறுத்தச் சொன்னேன். பிறகு அப்பாவின் சிடியைப் போட்டோம்.

காலி. ஒன்றுமே இல்லை, மாப்பிள்ளை. துடைத்து வைத்த தட்டு மாதிரி காலி.

நாங்கள் இரண்டு தடவை கேட்டு, நான் கடைசியில் கண் கலங்கியது இதைத்தான்.

உங்கள் அத்தை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "சொல்லிடாதீங்க, ஞாயித்துக்கெழம எப்படியாவது சமாளிச்சுடலாம்" என்றாள். நான் யோசித்தேன். பொய்யை வைத்துச் சமாளித்தால் அவர் வரும்போதெல்லாம் சமாளிக்க வேண்டும். மறுபடி ஒரு வருஷம் பேசாமல் போனாலும் போகட்டும் என்று உங்கள் அப்பாவுக்கு நானே போன் போட்டேன்.

"சம்பந்தி, நான்தான். உங்க சிடில ஒண்ணுமே இல்ல. நாங்க இதுவரைக்கும் கேக்கவே இல்ல. மெஷின் ரிப்பேர். நான் அழவும் இல்ல. எல்லாம் பொய்."

பின்னால் உங்கள் வீட்டு மிக்ஸி ஓடி நிற்கிற சத்தம் கேட்டது.

"அதான் பார்த்தேன்" என்றார் கடைசியில். "கடைசிப் பாட்டு பாதியில எனக்கு இருமல் வந்துடுச்சு. மிச்சம் முழுக்க இருமல்தான் பதிவாகியிருக்கும். அதுல நீங்க கண்ணு கலங்குனீங்கன்னதும், ரெண்டு நாளா எனக்கு ஒண்ணும் ஓடல. கிண்டல் பண்றாங்களா, இல்ல நெஜமாவே அவ்வளவு நல்ல மனசான்னு."

"அப்ப சிடி எப்படிக் காலியாச்சு?"

"எழுதி முடிஞ்சுதுன்னு மெஷின் சொல்லுச்சு, எடுத்து அனுப்பிட்டேன். போன மாசம் பையன் எல்லா டிரைவரையும் புதுசாக்கிட்டேன்னான். அதுல இருந்தே அது கொஞ்சம் சொன்னபேச்சுக் கேக்கறதில்ல."

நான் ஒன்றும் சொல்லவில்லை, மாப்பிள்ளை. சத்தியமாக ஒன்றும் சொல்லவில்லை.

"சம்பந்தி, ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்கு மண்டபத்துல என் பாட்டு அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?" என்றார்.

"நான் எங்க கேட்டேன்? சாப்பாட்டுக் கூடத்து வாசல்ல நின்ன கூட்டத்தப் பார்த்துட்டு ஓடி வந்தவன். நல்லா பாடுனீங்களா, மோசமா பாடுனீங்களான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

அதற்கு அவர் சிரித்தார். உங்கள் அப்பா சிரித்து நான் கேட்டதே இல்லை. கொஞ்சம் இருமல் மாதிரிதான் இருந்தது. "நெஜத்தச் சொன்னதுக்கு ஒரு வருஷம் பேசாம இருந்துட்டேன். இப்ப பொய் சொன்னதுக்கு எவ்வளவு நாள் பேசாம இருக்கறதுன்னு தெரியல. அதனால பேசிடறேன்" என்றார். பிறகு மகளைக் கூப்பிட்டு, "இந்தாம்மா, உங்க அப்பா" என்று அவரே போனைக் கொடுத்தார். கூடத்தில் நின்றே பேசினாள். அதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. உங்கள் அத்தை சொன்ன பொய்யில் பாதி அப்போது மெய்யாகிவிட்டது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாகவே கொள்ளவும். ஃபில்டர் சம்மதம் வேண்டாம். பாட்டு விவரம் வேண்டாம். மின்விசிறியும் வேண்டாம், நீங்கள் கணினி அறையிலேயே உட்காரலாம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் அப்பா நேரில் பாடப் போகிறார். நீங்களும் மகளும் கூட வருகிறீர்களாம். நான் முன்வரிசையில் உட்கார்ந்து ஒரு பாட்டை முழுசாகக் கேட்பேன், இது மனதார எழுதுவது. ஆனால் போனை வைக்கும் முன் அவர், "தொண்ட சரியில்லாமப் போனா என்ன பண்றதுன்னு சிடிக்குன்னு பாடுன முப்பது பாட்டையும் பென்டிரைவ்ல கொண்டாந்துடறேன் சம்பந்தி, அது பையனோட மெஷின்ல ஏத்துனது, பத்திரமா இருக்கு" என்றார். எனவே மாப்பிள்ளை, நீங்கள் வந்திறங்கியதும் கை கழுவிவிட்டு நேராகப் பின்னறைக்குப் போங்கள். பென்டிரைவ் சொருகும் துளைக்கான டிரைவர் மிகவும் பழசாக இருக்கிறது. கொஞ்சம் புதுசாக்கிவிடுங்கள்.